போட்டி சூடுபிடிக்கும்போது கிறிஸ்தவன் எப்படிப் பேசுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரம், செஸ், கிரிக்கெட், ஷட்டில், கைப்பேசி விளையாட்டு என்று ஆட்டம் எதுவாக இருந்தாலும், வாலிபர் கூடுகைகளிலும் வீடுகளிலும் எழும் கேள்விகள் அநேகமாக இவைதான். வரிசையாகப் படிக்கவேண்டும் என்றில்லை. உங்களைக் குத்துகிற கேள்வி எதுவோ, அதிலிருந்து தொடங்கலாம்.

சும்மா விளையாட்டுதானே? இதற்கெல்லாமா வேதத்தைத் திறக்கவேண்டும்?

இது நீதிமொழிகள் புத்தகத்துக்கே தெரிந்த பழைய சாக்கு. தனக்கடுத்தவனை வஞ்சித்துவிட்டு, "நான் விளையாட்டுக்கல்லவோ செய்தேன்" என்று சொல்லுகிறவனை, கொள்ளிகளையும் அம்புகளையும் எறிகிற பைத்தியக்காரனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது அது (26:18, 19). மனுஷர் பேசும் வீணான வார்த்தைகள் யாவையும் குறித்துக் கணக்கொப்புவிக்கவேண்டும் என்று இயேசு சொன்னார் (மத்தேயு 12:36). ஆட்டக்களத்தில் பேசியதைக் கழித்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லவில்லை.

2 சாமுவேல் 2-ம் அதிகாரத்தில் ஒரு சம்பவம் உண்டு. கிபியோன் குளத்தண்டையில் சவுல் வீட்டுப் படைத்தலைவன் அப்னேரின் ஆட்கள் ஒரு பக்கம், தாவீதின் படைத்தலைவன் யோவாபின் ஆட்கள் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். வாலிபர் எழுந்து நமக்கு முன்பாகப் போட்டி ஆடட்டும் என்கிறான் அப்னேர். பக்கத்துக்கு 12 பேர் எழுந்தார்கள், 24 பேரும் அங்கேயே செத்து விழுந்தார்கள். அது பெரிய யுத்தமாக வளர்ந்து அன்றைக்கே யோவாபின் சகோதரன் ஆசகேலையும் பலிவாங்கியது. நம் கேரம் போர்டு அவ்வளவு தூரம் போகாதுதான். ஆனாலும் உள்ளே கிடக்கிற பகைக்கு விளையாட்டு என்று பேர் வைத்துவிட்டால் அது பகை இல்லாமல் போய்விடாது.

"இருதயத்தின் நிறைவினால் வாய் பேசும்" என்கிறது மத்தேயு 12:34. ஞாயிறு காலை ஆராதனையில் நம் வாய்க்கு நாமே காவல் போட்டிருப்போம். 20-20 என்று சமநிலையில் நிற்கும் ஷட்டில் ஆட்டத்தில் அந்தக் காவலாளி தூங்கிவிடுகிறான். அப்போது வெளியே வருவது நம்முடைய அசல் சரக்கு. இந்த ஒரு காரணத்துக்காகவே போட்டி விளையாட்டு ஒரு விசுவாசிக்குப் பிரயோஜனமானது என்பேன்.

போட்டி போடுவதே தவறில்லையா? மற்றவர்களை மேன்மையாக எண்ணும்படி பிலிப்பியர் 2:3 சொல்கிறதே?

ஜெயிக்க ஆசைப்படுவது தவறில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, "நீங்கள் பெற்றுக்கொள்ளத்தக்கதாக ஓடுங்கள்" என்கிறார் (1 கொரிந்தியர் 9:24). கொரிந்துவுக்குப் பக்கத்திலேயே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. ஜெயித்தவனுக்குத் தழையால் பின்னிய கிரீடம் கிடைக்கும். பந்தயம் என்றால் என்னவென்று அவர்கள் கண்ணால் கண்டவர்கள். ஓடாதே என்று பவுல் அவர்களிடம் சொல்லவில்லை. அவர் சுட்டிக்காட்டுவது ஓடுகிறவனின் இச்சையடக்கத்தை. இயேசுவின் கல்லறைக்கு ஓடியபோது மற்றச் சீஷன் பேதுருவை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்ததைக்கூட யோவான் சுவிசேஷம் விடாமல் எழுதிவைத்திருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து ஆடுவது தாழ்மை ஆகாது. எதிராளிக்கு அது தெரிந்துபோனால் அவருக்கு அவமானம். முழு மூச்சாக ஆடுங்கள். அவரை மேன்மையாக எண்ணுகிறீர்களா இல்லையா என்பது உங்கள் வாயிலும் முகத்திலும் தெரிந்துவிடும்.

நண்பர்களைக் கலாய்க்கலாமா, கூடாதா?

கலாய்க்கலாம். ஆனால் எல்லாரையும் கலாய்க்கக்கூடாது, எதைச் சொல்லியும் கலாய்க்கக்கூடாது.

டேபிள் டென்னிஸ் ஆடும் இரண்டு நண்பர்கள். "மச்சான், இந்த சர்வீஸை எடுக்க உனக்கு இன்னொரு கை வேணும்டா" என்கிறான் ஒருவன். "முதல்ல நீ பந்தை வலைக்கு இந்தப் பக்கம் போடு, கையைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்கிறான் மற்றவன். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். இதில் பாவம் தேடுகிறவருக்கு வேறு வேலை இல்லை என்றுதான் நினைக்கவேண்டியிருக்கிறது. பேச்சு அந்த அடியைப் பற்றியது, ஆளைப் பற்றியது அல்ல. கொடுப்பதும் வாங்குவதும் சரிசமமாக நடக்கிறது.

அதே மேஜைக்குப் புதிதாக ஒரு பையன் வருகிறான். அதிகம் பேசமாட்டான், ஆட்டமும் சுமார்தான். அவனிடம் அதே கேலியைச் சொன்னால் அவனும் சிரிப்பான், கூட்டத்தோடு கூட்டமாக நிற்கவேண்டுமே என்பதற்காக. பதில் கலாய்ப்பு வராது. ஒருதடவை சொல்லிப் பதில் வரவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடவேண்டும். அடுத்த வாரம் அவன் வராமல் போனால் காரணம் என்னவென்று யாருக்கும் தெரியாது. அவனும் சொல்லமாட்டான்.

உடம்பு, நிறம், குடும்பம், படிப்பு, வேலை, சம்பளம் இவற்றைத் தொடவே கூடாது. எவ்வளவு நெருங்கிய நண்பனாக இருந்தாலும் சரி. "டம்மி பீஸ்", "தத்தி", "வேஸ்ட்" என்று ஆளுக்கு முத்திரை குத்தும் சொற்களும் இந்தக் கணக்கில்தான் சேரும். சகோதரனை வீணன், மூடன் என்று சொல்லுவதைப் பற்றி மத்தேயு 5:22-ல் இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசுகிறார் என்று பாருங்கள்.

எபேசியர் 5:4 பரியாசம் தகாது என்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அதற்கு முந்தின வசனம் வேசித்தனத்தையும் அசுத்தத்தையும் பற்றிப் பேசுகிறது. ஆகவே சிரிப்பு முழுவதையும் அது தடைசெய்வதாக நான் படிக்கவில்லை. இரட்டை அர்த்தப் பேச்சுக்கு மட்டும் அங்கே துளியும் இடமில்லை.

எதிராளியின் கவனத்தைக் கலைப்பது ஆட்டத்தில் ஒரு தந்திரம்தானே?

பல ஆட்டங்களின் சட்டமே இதை ஒத்துக்கொள்வதில்லை. எந்த விதத்திலும் எதிராளியின் கவனத்தைக் கலைக்கவோ அவரை எரிச்சலூட்டவோ கூடாது என்கின்றன சர்வதேச செஸ் அமைப்பான ஃபிடேயின் விதிகள். நியாயமில்லாமல் திரும்பத் திரும்ப டிரா கேட்பதும் அதில் அடங்கும். கிரிக்கெட்டில் பேட்ஸ்மேனின் கவனத்தை வேண்டுமென்றே சிதறடித்தால் 5 ரன் அபராதம். "சட்டத்தின்படி பண்ணாவிட்டால் முடிசூட்டப்படான்" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் இடமிருக்கிற ஆட்டங்களிலும் எனக்கு இது பிடிப்பதில்லை. ஒருவரை நிலைகுலையச் செய்வதற்கென்றே வாயைத் திறந்துவிட்டு, அதைக் கிருபை பொருந்தின வசனம் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?

எலியா பாகாலின் தீர்க்கதரிசிகளைப் பரியாசம்பண்ணினாரே?

பண்ணினார். உங்களுக்கு எதிரே ராக்கெட்டோடு நிற்பவர் பாகாலின் தீர்க்கதரிசி அல்ல. அநேகமாக உங்கள் சித்தி மகன்.

எதிரணியிடம் மரியாதையாகத்தான் பேசுகிறேன். என் பார்ட்னரிடம்தான் வாய் போய்விடுகிறது. என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுதலாம் என்றால் இதைத்தான் எடுப்பேன். கடுஞ்சொல் என்றவுடன் எல்லாரும் எதிராளியைத்தான் நினைக்கிறார்கள். அவரிடம் நமக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது, அந்நியர் முன்னால் நல்ல பேர் எடுக்கவேண்டும் என்ற நினைப்பும் இருக்கிறது. ஆக, அடி முழுவதும் கேட்சைக் கோட்டைவிட்ட சொந்த அணிக்காரனுக்கும், ஜோடியாக ஆடவந்த மனைவிக்கும், தம்பிக்கும் விழுகிறது.

கேரமில் இரட்டையர் ஆட்டம். ரெட் விழுந்தாயிற்று, கவர் மட்டும் பாக்கி. குழி வாசலில் காய் நிற்கிறது. உங்கள் பார்ட்னர் அடிக்கிறார். காய் விழவில்லை, ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போகிறது. ரெட் திரும்பப் போர்டு நடுவுக்கு வருகிறது, அபராதக் காய் வேறு. நீங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "ம்ச்" என்று உச்சுக்கொட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொள்கிறீர்கள். எதிரே இருக்கும் பார்ட்னருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடுத்த முறை ஸ்ட்ரைக்கர் அவர் கைக்கு வரும்போது விரல் தயங்கும். அவர் பார்வை போர்டைவிட்டு உங்கள் முகத்துக்குப் போகும். இரண்டாவது தவறு அவருடையது மட்டும்தானா?

இதற்கு மாற்றாகச் செய்யக்கூடியவை சில உண்டு, எல்லாம் சின்ன விஷயங்கள். தவறு நடந்த அந்த நிமிஷத்தில் ஆராய்ச்சி வேண்டாம். ஏன் அப்படி அடித்தார் என்பதை ஆட்டம் முடிந்தபின் அவரே கேட்டால் சொல்லலாம். பேசத்தான் வேண்டும் என்றால் அடுத்த அடியைப் பற்றிப் பேசுங்கள்: "அந்த மூலைக் காய் நமக்கு வசதியா இருக்கு." "பரவாயில்லை" என்பது நல்ல சொல்தான். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் "பரவாயில்லை" திட்டைவிட மோசம். அதற்குச் சும்மா இருந்துவிடலாம். அவர் நன்றாக ஆடினால் எது நன்றாக இருந்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "கனம்பண்ணுகிறதிலே ஒருவருக்கொருவர் முந்திக்கொள்ளுங்கள்" என்கிறது ரோமர் 12:10. ஒருவரையொருவர் முந்தும்படி வேதமே ஏவிவிடுகிற போட்டி இது.

கணவன் மனைவி ஜோடியாக ஆடும்போது இன்னொன்று நடக்கும். தவறவிட்ட ஒரு ஷாட்டில் தொடங்கும் பேச்சு, "நான் சொல்றதை நீ என்னைக்குத்தான் கேட்டிருக்கே" என்று வேறெங்கோ போய் நிற்கும். அந்த வாக்கியம் நாக்கு நுனிக்கு வரும்போது தண்ணீர் குடிக்க எழுந்துபோவது உத்தமம்.

தோற்றுவிட்டால் என்ன பேசுவது?

"நல்லா ஆடினீங்க" என்று கைகொடுத்துவிட்டு, எந்த அடி உங்களைத் தோற்கடித்தது என்பதையும் சொல்லுங்கள். அது போதும். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கவேண்டிய கட்டாயமில்லை. தோல்வி வலிக்கத்தான் செய்யும்.

ராத்திரி தூங்கவில்லை, ராக்கெட் சரியில்லை, வெயில் கண்ணில் அடித்தது என்று சாக்குச் சொல்லாதீர்கள். அவை உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரணமும் அவர் ஜெயத்திலிருந்து கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. "நான் எதுக்குமே லாயக்கில்லை" என்று புலம்புவதும் அப்படித்தான். ஜெயித்தவர் தன் சந்தோஷத்தை ஓரங்கட்டிவிட்டு உங்களைத் தேற்ற உட்காரவேண்டியிருக்கும்.

எதிராளி ஏமாற்றி ஜெயித்திருந்தால்? சிம்சோனின் விடுகதைப் போட்டியைப் படியுங்கள் (நியாயாதிபதிகள் 14). அந்த 30 பேர் அவன் மனைவியை மிரட்டித்தான் விடையைப் பிடுங்கினார்கள்; அவன் பக்கம் நியாயம் இருந்தது. அவன் வாயில் வந்ததோ, "நீங்கள் என் கிடாரியால் உழாதிருந்தீர்களானால்" என்ற பேச்சு. மிரட்டலுக்கு ஆளான சொந்த மனைவியை உழவு மாட்டுக்கு ஒப்பிட்டுவிட்டான். பிறகு பந்தயப் பொருளைக் கொடுப்பதற்காக அஸ்கலோனில் 30 பேரைக் கொன்றான். ஏமாற்று நடந்தால் நடத்துகிறவர்களிடம் நிதானமாக, நடந்ததை மட்டும் சொல்லுங்கள். இனி அவரோடு ஆடுவதில்லை என்று முடிவெடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஜெயித்தபோது "எல்லா மகிமையும் கர்த்தருக்கே" என்று சொல்லலாமா?

மனதார, தாராளமாக. ஆனால் யார் காதில் விழுகிறது என்று கவனியுங்கள். தோற்ற அணியிலும் ஜெபித்துவிட்டு இறங்கினவர்கள் இருந்திருப்பார்கள். "கர்த்தர் எங்க பக்கம் இருந்தார்" என்று அவர்கள் முன்னால் சொன்னால், உங்கள் பக்கம் இல்லை என்றுதான் அவர்கள் காதில் விழும். விளையாடச் சுகமும் பெலனும், கூட ஆட ஆட்களும் தந்ததற்காக இரண்டு அணியும் ஒரே ஜெபத்தில் நன்றி சொல்லலாமே.

பாராட்டு வந்தால் "நன்றி" என்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு "சும்மா லக்குதான்" என்பது தாழ்மை போலத் தெரிகிற பொய். அதேபோல உங்கள் சாதனையை நீங்களே எடுத்துவிடாதீர்கள். புறத்தியானே உன்னைப் புகழட்டும் என்கிறது நீதிமொழிகள் 27:2. எதிராளி விழும்போது களிகூர வேண்டாம் என்கிறது 24:17.

ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்று 100 மீட்டரை விட்டுவிட்டு, 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டரை 47.6 வினாடியில் ஓடித் தங்கம் வென்ற எரிக் லிடெல் நமக்குத் தெரிந்த கதைதான். பந்தயம் தொடங்கும் முன் கூட ஓடுகிறவர்களுக்குக் கைகொடுப்பது அவர் வழக்கம் என்பதை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. முடிவு தெரிவதற்கு முன்பே கொடுக்கிற கை அது.

நடுவர் தவறாகத் தீர்ப்புச் சொன்னால் எதிர்த்துப் பேசக்கூடாதா?

மேல்முறையீட்டுக்கு விதி இருந்தால் கேளுங்கள். கேப்டன் கேட்பது நல்லது, ஒரே தடவை கேட்பது இன்னும் நல்லது. அதற்கு மேல் போனால் விதியே உங்களைப் பிடிக்கும். கிரிக்கெட் சட்டங்களில் 2017 முதல் வீரர்களின் நடத்தைக்கென்றே 42-வது சட்டம் இருக்கிறது. நடுவரின் முடிவுக்குச் சொல்லாலோ செயலாலோ அதிருப்தி காட்டினால் முதலில் எச்சரிக்கை, அந்த அணி மறுபடி செய்தால் 5 ரன். கால்பந்தில் இழிவாகப் பேசினால் நேரே சிவப்பு அட்டை.

தவறான தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வரும்போதுதான் உண்மையான சோதனை. பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததை நீங்கள் பார்த்தீர்கள், அவர் பார்க்கவில்லை. உள்ளதை உள்ளதென்று சொல்லும்படி மத்தேயு 5:37 சொல்வது இந்த இடத்துக்கும்தான். அல்டிமேட் ஃபிரிஸ்பீ என்ற பறக்கும் தட்டு ஆட்டத்தில் பெரும்பாலும் நடுவரே கிடையாது. ஃபவுலை ஆடுகிறவர்களே சொல்லிப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரணி எப்படி நடந்துகொண்டது என்று 5 தலைப்புகளில், தலைப்புக்கு 4 வீதம், 20-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். சுயக்கட்டுப்பாடும் பேச்சும் அந்தத் தலைப்புகளில் சேர்த்தி. சபைப் போட்டிகளுக்கு இதை இரவல் வாங்கிக்கொள்ளலாம். அங்கேதான் ஜெபத்தோடு தொடங்கிச் சட்டைக் காலரைப் பிடிப்பதில் முடிகிற ஆட்டங்களைப் பார்க்கிறோம்.

மாஃபியா (கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் மாஃபியா யார் என்று பேசிக் கண்டுபிடிக்கும் ஆட்டம்) மாதிரி விளையாட்டுகளில் பொய் சொல்லவேண்டியிருக்கிறதே?

இதில் நல்ல விசுவாசிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒளித்துவைப்பதும் கண்டுபிடிப்பதும்தான் ஆட்டம் என்று எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் சம்மதித்து உட்காரும்போது அது வஞ்சகம் ஆகாது என்பது என் எண்ணம். உங்கள் மனசாட்சி இடம்கொடுக்காவிட்டால் கதை நடத்துகிறவராக இருங்கள், அந்த வேலைக்கு எப்போதும் ஆள் குறைவு.

ஆனால் "சத்தியமா நான் மாஃபியா இல்லை", "இயேசப்பா மேல சத்தியம்" என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். "நான் உன்கிட்ட என்னைக்காவது பொய் சொல்லியிருக்கேனா?" என்பதும் வேண்டாம். அது ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் நம்பிக்கையை ஆட்டத்துக்குள் அடகு வைக்கிற வேலை. நாளைக்கு நிஜமாகவே அதே வாக்கியத்தை அவரிடம் சொல்லவேண்டி வரலாம்.

ஆன்லைன் விளையாட்டில் மைக்கில் காது கூசும்படி திட்டுகிறார்கள். பதிலுக்கு வசனம் சொல்லட்டுமா?

வேண்டாம். ஆட்டத்தின் நடுவே எறியப்படும் வசனம் அவருக்கு இன்னொரு கல்லாகத்தான் படும். "வையப்படும்போது பதில்வையாமலும்" இருந்த இயேசுவைப் பின்பற்ற எளிய வழி மியூட் பொத்தான். திட்டு மிரட்டலாகவோ ஜாதி, பெண் என்று இழிவாகவோ போனால் ரிப்போர்ட் செய்யுங்கள், அதில் குற்ற உணர்வு வேண்டாம். முன்பின் தெரியாதவர் என்றாலும் "நல்ல ஷாட் ப்ரோ" என்று சொல்ல ஒரு வினாடிதான் ஆகும். ஜெயித்தபின் "ஜிஜி" (நல்ல ஆட்டம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) போடுங்கள். அதோடு "ஈஸி" என்பதைச் சேர்க்காதீர்கள். முந்தின சொல்லில் இருந்த மரியாதை முழுவதையும் அது துடைத்துவிடும்.

கெட்ட வார்த்தை வாயில் வந்துவிட்டது. இப்போது என்ன?

அன்றைக்கே, சொன்ன ஆளிடமே, எந்த வார்த்தைக்காக என்று சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் அந்த நாலு பேர் முன்னால் கேட்கவேண்டும். "கோபத்துல சொல்லிட்டேன், ஆனா நீயும் அப்படி ஆடியிருக்கக்கூடாது" என்பது மன்னிப்பு அல்ல, இரண்டாவது சுற்று. கர்த்தருடைய நாமத்தையோ இயேசுவின் பேரையோ எரிச்சலில் கத்தியிருந்தால் அவரிடமும் அறிக்கையிடுங்கள்.

பிள்ளைகள் தோற்றால் கத்துகிறார்கள். எப்படிப் பழக்குவது?

முதலில் டிவியில் மேட்ச் பார்க்கும்போது நாம் ஃபீல்டரையும் நடுவரையும் பார்த்து என்ன பேசுகிறோம் என்று கேட்டுப்பாருங்கள். பிள்ளைகளின் அகராதி அங்கே தயாராகிறது. பிறகு அவர்களோடு ஆடி, சில தடவை நிஜமாகவே தோற்று, என்ன சொல்லவேண்டும் என்பதைச் சொல்லிக்காட்டுங்கள். அழுகிற பிள்ளையிடம் "இதுக்குப் போயா அழுவே" என்று சொல்லாதீர்கள். அழட்டும். போர்டைக் கவிழ்க்கக்கூடாது, அக்காவைத் திட்டக்கூடாது, அவ்வளவுதான் விதி.

எவ்வளவு முயன்றும் முடியவில்லை. விளையாட்டையே விட்டுவிடட்டுமா?

எல்லா ஆட்டத்தையும் விடவேண்டியதில்லை. எந்த ஆட்டம், யாரோடு, எந்த நேரத்தில் என்று பாருங்கள். சிலருக்குச் செஸ்ஸில் ஒன்றும் ஆகாது, சீட்டுக்கட்டை எடுத்தால் போதும். சிலருக்கு அண்ணனோடு ஆடினால் மட்டும். இரவு பதினொரு மணிக்கு மேல் கடைசியாக இன்னும் ஒரு கேம் என்று தொடங்குவதுதான் பலருக்குப் பிரச்சினை. அந்த ஒன்றைக் கொஞ்ச காலம் நிறுத்திவையுங்கள். "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்ற 141-ம் சங்கீதத்தின் ஜெபத்தை ஆட்டத்துக்கு முன் சத்தமில்லாமல் சொல்லிவிட்டு உட்காருங்கள். கூட ஆடுகிற ஒருவரிடம், "என் குரல் ஏறினால் என் தோளைத் தட்டு" என்று சொல்லிவையுங்கள். அவர் தட்டும்போது அவரிடமே எரிந்து விழுந்தீர்களானால், அந்த ஆட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.